மியூரியல் போட்ட கையெழுத்து

சுவரில் இருந்த சிவப்பு ஸ்விட்சை அணைத்தது நான். பழியை ஏற்றுக்கொண்டது மியூரியல் பர்கிஸ்.

ஆல்டர்கோட் பூங்காவில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. தரையைத் துடைத்து முடித்துவிட்டு, கதவைப் பூட்டுமுன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தேன். ஆளில்லாத அறையில் மின்சாரம் வீணாக ஓடினால் எனக்கு மனசு கேட்காது. அந்த வரிசையின் கடைசியில் ஒரு சிவப்பு ஸ்விட்சும் இருந்தது. அதையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு நாள் நல்லபடியாகக் கழிந்ததற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ப்ளெட்ச்லி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டான்லி ஃபிட்செட் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த வாத்துகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

ஸ்டான்லி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அவரைப் போல நான்கு பேரும் சேர்ந்து, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் போர்க்காலத்தில் பூங்காவின் அந்தப் பழைய கட்டடத்தில் ஓடிய ஒரு யந்திரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரி சங்கேத எழுத்தில் அனுப்பிய ரகசியக் கடிதங்களை உடைத்துப் படிப்பதற்கான கணக்கு யந்திரம். ஒரு வீட்டுச் சுவர் அளவு உயரம். பழைய வால்வு ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடிக் குமிழ்கள் மினுங்குமே, அதே குமிழ்கள் இதில் ஆயிரத்து இருநூறு. எரிந்துகொண்டே இருந்தால் அவை வருஷக்கணக்கில் உழைக்கும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் உள்ளே இருக்கும் இழை அறுந்துபோகும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"பதினாலு! பதினாலு வால்வு செத்துப் போச்சு! யார்யா அணைச்சது மேடத்தை?" என்றார் ஸ்டான்லி. யந்திரத்தை அவர்கள் மேடம் என்றுதான் சொல்வார்கள்.

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் ஸ்டான்லி," என்று என் பின்னால் இருந்து குரல் வந்தது. தேநீர்த் தட்டோடு மியூரியல் நின்றுகொண்டிருந்தாள். எழுபத்தொரு வயது. சின்ன உருவம், நீலக் கம்பளிச் சட்டை, எப்போதும் ஏதோ ஒரு சிரிப்பை வாய்க்குள் அடக்கி வைத்திருப்பது போன்ற முகம்.

"நீயா? மேடத்தை அணைக்காதேன்னு கதவுல இத்தனை பெரிசா எழுதி ஒட்டியிருக்கேனே!"

"கண்ணாடி போடலை. என் வீட்டுக்காரர் ஹரோல்ட் என்னை அப்படிப் பழக்கிட்டுப் போயிட்டார். மாடியிலேர்ந்து இறங்கி வந்தா, 'லைட்டை அணைச்சியா'ன்னுதான் முதல் கேள்வி. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு, என் கை மட்டும் இன்னும் அணைச்சுக்கிட்டேயிருக்கு."

"ஒரு மாசம் நீ இந்த அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. தேநீரை ஜன்னல் வழியாக் குடு."

"சர்க்கரையும் ஜன்னல் வழியாத்தானா, இல்ல அதுக்கு மட்டும் உள்ள வரலாமா?"

மற்ற நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். ஸ்டான்லி சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மியூரியல் பூங்காவுக்கே வரவில்லை. எங்கள் சபையின் பழைய துணி விற்பனையில் காலை முதல் சாயங்காலம் வரை நின்றாள். அது எனக்குத் தெரியும். சமையல் அறைக்குப் போனதும் நான் அழுதுவிட்டேன்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே, மியூரியல்."

"நீ சம்பளத்துக்கு வந்தவ, ஜெபா. வந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. உன்னைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் சும்மா வர்றவ. என்னை அனுப்பிட்டா இவங்களுக்கு யார் பன் சுடுவா? கண்ணைத் துடை. பொய்யெல்லாம் எனக்குப் பழக்கம்தான்."

கடைசியில் சொன்னது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு மாதம் அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதும், அதனால் ஸ்டான்லிக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

மியூரியல் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் பிடித்து வருவாள். சம்பளம் கிடையாது. கேட்டால், "வீட்ல உக்காந்து என்ன பண்றது, சுவரோட பேசவா?" என்பாள். திராட்சை போட்ட பன், மிச்ச ரொட்டியில் புட்டிங், எல்லாம் அவள் கைதான். ஆண்கள் அவளைச் சீண்டுவார்கள், அவள் திருப்பிக் கொடுப்பாள். போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் இருந்தாளாம். "என்ன வேலை?" என்று ஒருமுறை கேட்டேன். "லீவு சீட்டு டைப் அடிச்சேன். ஒரு ஆள் லீவு கேட்பான், நான் அடிப்பேன், ஆபீசர் இல்லைம்பார். மூணு வருஷம் அதே கதை," என்றாள். கேட்டவுடன் அடுத்த கேள்வி வராத மாதிரியான பதில்.

அந்த மாதம் முழுக்க அவள் தேநீரை ஜன்னல் வழியாகத்தான் நீட்டினாள். நீட்டும்போது கழுத்தை எக்கி உள்ளே பார்ப்பாள். பின்பக்கத்து ஜன்னல் அது. அங்கிருந்து யந்திரத்தின் முதுகு மட்டும்தான் தெரியும்.

அதே மாதத்தில்தான் ஸ்டான்லி குழுவினர் முன்பக்கத்து ஸ்விட்ச் பலகையைக் கட்டினார்கள். வரைபடம் என்று ஒன்றும் கிடையாது. போர் முடிந்ததும் மேலிடத்து உத்தரவு வந்து யந்திரத்தை உடைத்துப் போட்டார்கள். வரைபடத்தையெல்லாம் கொதிகலன் அடுப்பில் போட்டார்கள். மிச்சம் இருந்தது ஏழு புகைப்படங்கள். ஸ்விட்ச் பலகை தெரிகிற படம் ஒன்றே ஒன்று. அதில் கடற்படைக் கோட்டு போட்ட ஒரு பெண் பாதி முகம் திருப்பி நிற்கிறாள். ஸ்டான்லி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கம்பியாக எண்ணி, தொலைபேசிக்காரர்களுக்கே உரிய முறையில் மெழுகு நூலால் கம்பிகளைக் கட்டுக் கட்டாக முடிந்து, பலகையை ஏற்றினார். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முடித்துவிட்டார். அவ்வளவு பெருமை அவருக்கு.

தண்டனையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் முடிந்து ஜனவரியில் மியூரியல் தட்டோடு உள்ளே போன முதல் நாள், மூன்று கோப்பைத் தேநீரைக் கொட்டினாள்.

அவள் கொட்டி நான் பார்த்ததே இல்லை. கிழிந்த ஜமுக்காளத்தின் மேலும், நாய்க்குட்டிகளுக்கு நடுவிலும் தட்டை ஏந்திப் போகிறவள். அன்றைக்கு வலது பக்கம் புதிதாக நின்ற பலகையில் இடித்துக்கொண்டாள்.

"வயசாகுது மியூரியல்," என்றார் ஸ்டான்லி.

"உனக்கு மட்டும் குறையுதாக்கும்," என்றாள். ஆனால் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் யந்திரத்தின் தொல்லை ஆரம்பித்தது. தொல்லை இன்னதென்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் புரிந்த மட்டில். கடிதம் ஒரு காகித நாடாவில் துளைத் துளையாக இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் குறுக்கே ஐந்து இடம், சில இடத்தில் துளை, சில இடத்தில் வெறும் காகிதம். நாடா பெரிய உருளைகளில் மாலை மாதிரி சுற்றி ஓட, யந்திரம் வெளிச்சத்தை வைத்துத் துளைகளைப் படித்து எண்ணும். சோதனைக்கு என்று ஒரு நாடா வைத்திருந்தார்கள். அதன் விடையை ஐந்து பேரும் கையால் எண்ணி, சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: 3,162. யந்திரமும் அதைச் சொன்னால் வேலை முடிந்தது.

யந்திரம் 1,907 என்றது. வால்வை மாற்றினார்கள். 1,907. கம்பியைச் சரிபார்த்தார்கள். 1,907. "மேடம் பிடிச்ச பிடியில நிக்கிறாங்க," என்றார் ஒருவர். ஸ்டான்லிக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

ஏனென்றால் அறைக்கு இன்னொருவர் காத்திருந்தார். பொம்மை ரயில் சங்கத்தின் செயலாளர் கிளைவ் டாப்செல். பூங்காக் குழு ஒரு நாள் குறித்துவிட்டது. மே மாதம் முதல் ஞாயிறு, போர்க்காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் கூடுகிற நாள். அன்றைக்கு யந்திரம் சரியாக எண்ணிக் காட்டினால் அறை ஸ்டான்லிக்கு. இல்லாவிட்டால் யந்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் கட்ட வேண்டும், அறை ரயிலுக்கு. கிளைவ் வாரம் ஒருமுறை அளவு நாடாவோடு வந்து தரையை அளப்பார்.

"இந்த மூலையில சுரங்கப் பாதை வருது ஸ்டான்லி. மேடத்தோட காலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்களேன்."

"உங்க ரயில் எப்பவாவது நேரத்துக்கு வந்திருக்கா கிளைவ்?"

"உங்க யந்திரம் எப்பவாவது கணக்குல பாஸ் ஆயிருக்கா?"

மியூரியல் இரண்டு பேருக்கும் பன் கொடுத்து அனுப்புவாள். ஆனால் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மார்ச் மாதம் ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஜெபா, நீ ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கே. பைபிள் மேல கை வச்சு, கையெழுத்தும் போட்டு. அவர் போயிட்டார். 'இனி பரவாயில்லை, நீ விடுதலை'ன்னு வந்து சொல்லவேயில்லை. அப்போ என்ன பண்ணுவே?"

ஹரோல்டைப் பற்றித்தான் பேசுகிறாள், மறுமணம் ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்தேன். கிளைவ் கூட மனைவியை இழந்தவர்தான். "ஜெபம் பண்ணிக் கேளுங்க," என்றேன்.

"கேட்டேன். ஆண்டவரும் அதே காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கார் போல. வாயே திறக்க மாட்டேங்கிறார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்படிச் சிரிக்கலாமா என்ற பயமும் வந்தது.

அதற்குப் பிறகு நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒன்றைக் கண்டேன். தட்டோடு அறைக்குள் போகும்போது, இடது பக்கம் வெறும் தரை இருக்கும் ஓர் இடத்தில் அவள் இடுப்பை உள்ளே ஒடுக்கிக்கொண்டு நடந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு நாற்காலிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே ஒடுக்கல். வலது பக்கம், பலகை நிற்கிற இடத்திலோ, ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டாள். ஈரத் துணியைக் காயப்போட யந்திரத்தின் இடது ஓரத்துக்குப் போவாள். அங்கே ஆணி இல்லாததைப் பார்த்துத் திரும்பி வருவாள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை அப்படிச் செய்தாள்.

ஏப்ரல் மாதம், உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை. ஸ்டான்லி ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலிப் பெட்டிகள் இரண்டு. கிளைவ் அனுப்பிவைத்திருந்தார், உதவியாக இருக்கட்டும் என்று.

"பத்தொன்பது மாசம் மியூரியல்," என்றார். "என் பொண்டாட்டி அறுபத்தெட்டு வயசுல உனக்கு என்ன பொம்மை விளையாட்டுன்னு கேட்டா. பதில் சொல்ல ஒரு நம்பர் வேணும் எனக்கு. ஒரே ஒரு நம்பர்."

மியூரியல் சட்டென்று திரும்பி நடந்தாள். சமையல் அறைக்கு வந்து ஆறு கோப்பைகளில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினாள். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"கண்ணைக் கட்டு."

"என்னது?"

"கட்டுன்னா கட்டு. இறுக்காதே, முடி கலையும்."

கட்டினேன். தட்டை ஏந்திக்கொண்டாள். வாசலில் நின்று, "ஸ்டான்லி, எழுந்து நில்லு. நீங்க நாலு பேரும்தான். நான் தேநீர் கொண்டு வர்றேன். பாத்துக்கிட்டு மட்டும் இருங்க, யாரும் பேசக் கூடாது," என்றாள்.

நடந்தாள். கண் கட்டிய எழுபத்தொரு வயதுக்காரி நடக்கிற நடையாக அது இல்லை. அவசரமாக வேலைக்குப் போகிற இருபது வயதுப் பெண்ணின் நடை. கதவிலிருந்து நான்கு எட்டு. இடது பக்கம் இடுப்பை ஒடுக்கினாள். ஒரு சொட்டுத் தேநீர் சிந்தவில்லை. இன்னும் இரண்டு எட்டு. நின்றாள். தட்டை வலது கையில் தாங்கிக்கொண்டு, இடது கையை நீட்டி, காற்றில் வரிசையாக ஐந்து ஸ்விட்சுகளைத் தட்டினாள், இடமிருந்து வலமாக. பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்து, இல்லாத ஆணியில் மாட்டினாள். துணி தரையில் விழுந்தது. பழையபடி திரும்பி, வலது பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். பலகையில் இடித்தாள். ஆறு கோப்பையும் கலகலத்தன.

கட்டை அவிழ்த்தாள்.

"அவ்வளவுதான். ஆறிப் போகுது, எடுத்துக்கோங்க."

யாரும் எடுக்கவில்லை. ஸ்டான்லி அவளையே பார்த்தார். இடது பக்கத்து வெறும் தரையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"மியூரியல். போர்ல நீ என்ன வேலை பார்த்தே?"

"லீவு சீட்டு டைப் அடிச்சேன்."

"எங்கே?"

"சொல்ல மாட்டேன்."

"இதெல்லாம் இப்போ ரகசியமே இல்லையே! புஸ்தகம் போட்டாச்சு, டிவியில வந்தாச்சு!"

"டிவி முன்னாடி நான் சத்தியம் பண்ணலை. ஒரு ஆபீசர் முன்னாடி பண்ணினேன். அவர் வந்து சொல்லட்டும். நான் வாயால ஒண்ணும் சொல்லலை, நீயும் ஒண்ணும் கேக்கலை. தேநீர் கொண்டு வந்தேன், அவ்வளவுதான்." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "ஹரோல்டோட முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவ நான். அவருக்கே சொல்லலை. உனக்கு எப்படிச் சொல்லுவேன் ஸ்டான்லி?"

ஸ்டான்லி அந்த ஒரே புகைப்படத்தை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்தார். எல்லாரும் குனிந்தோம். நான் சபைப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள், என் கண் நின்றது அந்தப் பெண்ணின் கோட்டில்தான்.

"இந்தப் பொண்ணு ஆம்பளைக் கோட்டுப் போட்டிருக்கா?" என்றேன்.

"இல்லையே. ஏன்?"

"பொம்பளைக் கோட்டுல வலது மடிப்புதான் மேல வரும். இதுல இடது மடிப்பு மேல இருக்கு."

ஸ்டான்லி படத்தைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டு சரியாகிவிட்டது. பலகை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போய்விட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எவரோ படச்சுருளைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார். நான்கு வாரம் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிய ஐந்து பேரும் யந்திரத்தைப் பார்த்தார்களே தவிர, அந்தப் பெண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

"முதல் துளையோட கம்பி கடைசி ஸ்விட்சுக்குப் போகுது," என்றார் ஸ்டான்லி. "ஒவ்வொரு எழுத்தையும் பின்னாலேர்ந்து படிச்சுக்கிட்டிருக்காங்க மேடம். பாவம், அவங்க சரியாத்தான் எண்ணியிருக்காங்க."

மியூரியல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஒரு துதிப்பாட்டை முனகிக்கொண்டிருந்தாள், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவள் போல.

மூன்று வாரம். ஐந்து பேரும் முடிந்த நூலையெல்லாம் அவிழ்த்தார்கள், பலகையை இறக்கினார்கள், இடது பக்கம் ஏற்றினார்கள், மறுபடி முடிந்தார்கள். ஒருநாள் ஸ்டான்லி யந்திரத்தின் இடது ஓரத்தில், மியூரியலின் தோள் உயரத்தில், ஓர் ஆணி அடித்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் அதில் தேநீர்த் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு நவம்பர் மாதத்துச் சங்கதி உறைத்தது. அந்த ஒரு மாதம் மியூரியல் உள்ளே இருந்திருந்தால், பலகையைத் தூக்கும்போதே தடுக்க ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாள். என் பழியை அவள் ஏற்றதால்தான் அந்தத் தவறே நடந்தது. சமையல் அறையில் அதை அவளிடம் சொன்னேன்.

"ஸ்டான்லிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன், மியூரியல்."

"சொல்லி? அவனுக்குப் பதினாலு வால்வு திரும்ப வந்துடுமா? போய் அந்த வெண்ணெயை எடு."

மே மாதம் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் நான் நேராகப் பூங்காவுக்கு ஓடினேன். வெயில் அடித்தது, அதுவே ஓர் அடையாளம் என்று பட்டது எனக்கு. வெள்ளைத் தலைகள் நாற்பது ஐம்பது, கைத்தடிகள், சக்கர நாற்காலி இரண்டு. பூங்காக் குழுவினர் முன் வரிசையில். கிளைவ் கோட்டுப் பையில் அளவு நாடாவோடு கதவருகே.

ஸ்டான்லி யந்திரத்தை ஓடவிட்டார். உருளைகள் சுழன்றன. நாடா காற்றில் சீறிக்கொண்டு பறந்தது. வெப்பம் முகத்தில் அடித்தது. பட்டென்று ஒரு சத்தம். நாடா அறுந்து, அறை முழுக்கக் காகிதத் துண்டு பறந்தது.

ஸ்டான்லி அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்தார். ஒட்டுத்தாள் எடுத்தார், ஒட்டினார், மறுபடி ஓட்டினார், மறுபடி அறுந்தது. முன் வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளைவ்கூடத் தலையைக் குனிந்துகொண்டார், அவருக்கே அது பிடிக்கவில்லை.

மியூரியல் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனாள்.

யாரையும் பார்க்கவில்லை. நாடாவின் இரண்டு முனையையும் எடுத்து, கத்தரியால் சாய்வாக வெட்டினாள். மேசையிலிருந்த பசையை மோதிர விரலால் தொட்டு, மெல்லியதாக இழுத்து, இரண்டையும் பொருத்தினாள். நகத்தால் ஒரு நீவல். ஏப்ரன் பையிலிருந்து முகப்பவுடர் டப்பியை எடுத்து, ஒட்டின இடத்தில் ஒரு சிட்டிகை தூவி ஊதினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாடாவை உருளைகளில் மாட்டிவிட்டு, இடது ஓரத்தில், ஆணிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நாடா ஓடியது. ஒரு சுற்று, பத்துச் சுற்று, நூறு சுற்று. விடையை அச்சடிக்கும் தட்டச்சு யந்திரம் தடதடத்தது.

3,162.

சத்தம் கூரையைத் தூக்கியது. ஸ்டான்லி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். கிளைவ் அளவு நாடாவைப் பையிலிருந்து எடுத்து அவர் கழுத்தில் மாலையாகப் போட்டார். "பின்னாடி இருக்கிற மாட்டுக் கொட்டகையில எங்க ரயில் ஓடிக்கும். மேடத்துக்கு எழுந்து வழிவிடற வயசு இல்லை," என்றார்.

அப்போது சக்கர நாற்காலியிலிருந்து ஒரு கூர்மையான குரல் வந்தது.

"பவுடர் போட்டு நாடா ஒட்டுறவ இந்த நாட்டுலேயே ஒருத்திதான்! மியூரியல் ஸ்டெபிங்! அடியே, நீ இன்னும் சாகலையா?"

"உனக்கு முன்னாடி போறதா இல்லை, டாஃப்னி," என்றாள் மியூரியல். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக வாய் தவறிவிட்டது.

டாஃப்னி அவளோடு ஒரே அறையில் தங்கி, ஒரே யந்திரத்தில் முறை வைத்து வேலை பார்த்தவள். மியூரியல் அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்ல, டாஃப்னி உரக்கவே பதில் சொன்னாள். மற்றவர் காதில் விழுமே என்ற கவலையெல்லாம் அவளுக்கு இல்லை.

"பைத்தியமே, அந்த ஆபீசர் எல்லாருக்கும் கைப்பட லெட்டர் போட்டாரே! 'இனி நீங்கள் உங்கள் வீட்டாரிடம் சொல்லலாம்'னு. இருபது வருஷமாச்சு. உன் லெட்டர் மட்டும் திரும்பி வந்துடுச்சாம். ஸ்டெபிங்னு போட்டார். நீதான் பர்கிஸ் ஆயிட்டியே. எங்கே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு எங்களுக்குக்கூட நீ சொல்லலை!"

மியூரியல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் விட்டு எண்ணினாள். "இருபது வருஷம்னா ஹரோல்ட் அப்போ உயிரோட இருந்தார்," என்றாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை கல்லறைத் தோட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள். பிளாஸ்கில் தேநீர், இரண்டு பன். நான் வேலிப் பக்கம் தள்ளி நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ஹரோல்டின் கல்லின் மேல் உட்கார்ந்து பேசினாள். கையை ஆட்டி ஆட்டி, ஸ்விட்சைத் தட்டிக் காட்டி, நாடாவை ஒட்டிக் காட்டி, ஒரு மணி நேரம். அழுவாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"லீவு சீட்டுக்காரின்னு நம்பித்தான் கட்டிக்கிட்டாராம். இப்போ மாத்திக்க முடியாதாம். அப்புறம், லைட்டை அணைச்சியான்னு கேட்டார்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் வந்தாள். தேநீரோடு கூட, வருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாடா ஒட்டிக் காட்டினாள். வாக்குக்கு விடுதலை கிடைத்தும் நிறையப் பேசிவிடவில்லை. கேட்டால் சொல்வாள், அதுவும் பாதி. மேடம் இன்றைக்கும் ஓடுகிறாள். சிவப்பு ஸ்விட்சுக்கு மேல் ஸ்டான்லி ஒரு மரப்பெட்டி அடித்துப் பூட்டு போட்டுவிட்டார். அதன் மேல் "மியூரியல், தொடாதே" என்று எழுதியிருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு சுருக்கென்றுதான் இருக்கும். ஸ்டான்லிக்குத் தமிழ் தெரியாது. அதனால் இதை இங்கே எழுதுவதும் பாதித் தைரியம்தான். ஆண்டவர் மீதியைத் தரவேண்டும்.

மியூரியலுக்கு மூட்டு வலி கூடிப்போய், கடற்கரையில் இருந்த மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானது. நீண்ட தூர பஸ் நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிப் போனேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். அங்கே போன மூன்றாவது குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மகள் எழுதினாள்.

பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"மியூரியல், அந்தப் பெட்டி மேல உங்க பேரு இருக்கறதைப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கலை. நீங்க போனதும் ஸ்டான்லிகிட்டச் சொல்லிடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும்."

அவள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வாய்க்குள் அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பு முழுதாக வெளியே வந்தது.

"நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம், ஜெபா. என்கிட்டேர்ந்து அது வெளியே வராது. இத்தனைக்கும் உனக்காக நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடலை, பாத்துக்கோ."